மின்விசிறி ஓடாத அறை

தணிகாசலம் மூளையை ஆராய்ந்தே தலை நரைத்தவர். அவருடைய குரு அருளம்மை வயதில் பத்து வருடம் இளையவர். கேள்வி கேட்டால் அம்மை பதில் சொல்ல மாட்டார், ஏதாவது வேலை செய்ய ஆரம்பித்துவிடுவார் என்று அவருடைய மடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கத்திரி வெயிலில் ஒரு மதியம் அம்மை அவர் வீட்டுக்கு வந்தார். விபத்துக்குப் பிறகு அவருடைய மனைவி கோமளம் கண் திறந்தபடியே கிடந்தாள். யாரையும் அடையாளம் தெரியவில்லை. சிகிச்சைக்காக அவள் மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை இறக்கியிருந்தார்கள். தணிகாசலம் அதை ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டார். நரம்பணு துடிக்கும்போதெல்லாம் தாளிக்கிற கடுகு மாதிரி படபடவென்று கேட்டது.

அதில் ஒரு வெடிப்பும் தவறிவிடக்கூடாது என்று அந்த அறையில் அவர் யாரையும் பேச விடுவதில்லை. தானும் பேசுவதில்லை. அன்றும் நிலைப்படியில் நின்று கிசுகிசுப்பாகத்தான் கேட்டார்.

"கல்லு, மண்ணு, அணு எல்லாத்துலயும் துளி உணர்வு இருக்குன்னு சொல்றாங்களே அம்மை. அப்போ இந்த ஒவ்வொரு வெடிப்புலயும் கோமளம் கொஞ்சம் இருக்காளா? எல்லாம் ஒண்ணு சேர்ந்தா திரும்பி வருவாளா?"

ஆமாம் என்று ஒரு சொல் கிடைத்தால் போதும் அவருக்கு. அதற்காகத்தான் அம்மையை வரவழைத்திருந்தார்.

"அவங்களுக்காக ஏங்குறீங்களே டாக்டரே, அந்த ஏக்கம் உங்க மூளையில எந்த அணுவுல இருக்கு?"

"ஒண்ணுல இல்ல. எல்லாம் சேர்ந்துதான்."

"ஒண்ணைத் தனியா எடுத்து வெச்சா, அது துளியாவது ஏங்குமா?"

"தெரியல, அம்மை."

"எனக்கும் தெரியாது."

அவர் முகம் வாடிப்போனது. குருவே இப்படிக் கையை விரிப்பார் என்று அவர் நினைக்கவில்லை.

அம்மை கட்டிலருகே போனார். கோமளத்தின் கழுத்தில் வேர்வை வழிந்து தலையணை நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டார். பிறகு சுவரருகே போய் மின்விசிறியைப் போட்டார்.

விசிறியின் மின்சாரம் குறுக்கிட்டு ஒலிபெருக்கி கொர்ரென்று இரைந்தது. கடுகுச் சத்தம் அதில் காணாமல் போயிற்று. இந்த இரைச்சலுக்குப் பயந்துதான் கத்திரி முழுக்க அவர் விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்.

"விசிறி ஓடினா அவ சத்தம் எனக்குக் கேக்காது, அம்மை."

அம்மை நாற்காலியை இழுத்து, கோமளத்தின் தலைமாட்டில் போட்டார்.

"உங்க சத்தம் அவங்களுக்குக் கேக்கட்டும். உக்காந்து கூப்பிடுங்க."