உருண்ட தலை

முன்னொரு காலத்தில், காசுக்கும் அரசருக்கும் ஒரே முகம் என்றிருந்த நாளில், ஒரு ராஜாவுக்கு விபரீத ஆசை வந்தது. பொற்காசில் தம் தலை இருந்தது போதாதாம். வெற்றிலை பாக்கு வாங்குகிற செப்புக்காசிலும் இருக்க வேண்டுமாம். செம்பில் முகம் கறுத்துத் தெரியுமாம், மேலே வெள்ளி முலாம் பூச வேண்டுமாம். ஊரெல்லாம் புழங்க வேண்டிய அத்தனை காசுக்கும் கஜானாவிலிருந்து ஒரே ஒரு வெள்ளிப் பாளத்தை எடுத்துக் கொடுத்தார். பிறந்தநாளுக்குள் முடிய வேண்டும் என்று நெருக்கவும் செய்தார்.

காசு வெளியே வந்தது. கூடவே மானமும் போனது. முலாம் அங்கங்கே கொப்பளித்து, ராஜாவின் கன்னமெல்லாம் முத்து முத்தாக நின்றது. சந்தையில் மீன் விற்கிறவள், "ராசாவுக்கு அம்மை வார்த்திருக்கு, இந்தக் காசு எனக்கு வேண்டாம்" என்று கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பேச்சு அரண்மனை வரைக்கும் வந்து சேர்ந்தது.

ராஜா சபையைக் கூட்டினார். நாணயச்சாலை அதிகாரி அருளாளர் முந்திக்கொண்டு எழுந்தார். அருள் என்பது அவருக்குப் பெயரோடு சரி.

"பிரபு, இது அச்சு வெட்டிய ஆசாரி, முலாம் பூசிய இருளாயி, இந்த இருவரில் ஒருவர் செய்த துரோகம். யார் என்பதை நம் விகடக்காரர் அம்பலவாணர் சொல்லட்டும். எதற்கும் பதில் வைத்திருப்பவர் அல்லவா?"

அம்பலவாணன் வாங்கிக் குவித்த பரிசுகளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த மனிதர் அவர். ராஜாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"நல்ல யோசனை. எந்தத் தலையால் இந்தக் குற்றம் நேர்ந்ததோ, அந்தத் தலை இன்று பொழுது சாய்வதற்குள் இந்தச் சபையில் உருள வேண்டும். இது என் சத்தியம். அம்பலவாணா, அந்தத் தலையைக் காட்டுவது உன் பொறுப்பு. தவறினால் உன் தலை உருளும்" என்றார் ராஜா.

அம்பலவாணன் நாணயச்சாலைக்கு நடந்தான். வழியில் ஒரு வேடிக்கை வார்த்தைகூட அவனுக்கு வரவில்லை. சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனைக் கூப்பிட்டு, சாவதற்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடு என்றால் அவன் என்ன செய்வான், பாவம்.

ஒரு கூடைக் காசைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அச்சில் பிழை இருந்தால் எல்லாக் காசிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விழும். இங்கேயோ ஒரு காசில் கன்னத்தில் கொப்புளம், இன்னொன்றில் மூக்கில். வேறொன்றில் விளிம்பு உரிந்து செம்பு பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. சில காசுகள் அடிக்கும்போதே நகர்ந்துபோய், ராஜாவுக்குப் பாதித் தலைதான் விழுந்திருந்தது. அதுவும் அவசரத்தில் வந்த வினை, அச்சின் குற்றமல்ல. ஆசாரி பிழைத்தான் என்று அம்பலவாணன் பெருமூச்சு விட்டான். உடனே மற்றது உறைத்தது. ஆசாரி பிழைத்தால் இருளாயி அல்லவா சாக வேண்டும்!

அவள் உலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முலாம் காய்ச்சிக் காய்ச்சிக் கையிரண்டும் வெந்திருந்தன.

"ஏன் தாயி இப்படிக் கொப்பளிச்சுது?" என்று கேட்டான்.

"குடுத்த வெள்ளி பாதிக் காசுக்குக்கூடக் காணாது சாமி. இழுத்து இழுத்துப் பூசினேன். அழுக்குப் போகக் கழுவக்கூட நேரமில்லை. அதிகாரி ஐயாகிட்ட சொன்னேன். ராசாவுக்கே கணக்குச் சொல்றியான்னு அடிக்க வந்துட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "எம் பேரைத்தானே சொல்லப்போறீங்க? சொல்லிருங்க. ஆசாரிக்குப் புள்ளைங்க இருக்கு."

அம்பலவாணன் அழுதேவிட்டான். வெள்ளியைக் குறைத்த தலை எது, அவசரப்படுத்திய தலை எது என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? அதை வாய்விட்டுச் சொன்னால் இவர்கள் இருவரோடு அவன் தலையும் போகும். கிரீடம் வைத்த தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சபை நடுவே ஆசாரியும் இருளாயியும் கை கட்டப்பட்டு நின்றார்கள். பக்கத்தில் கொலையாள் வாளோடு காத்திருந்தான்.

"எங்கே அந்தத் தலை?" என்றார் ராஜா.

"கொண்டுவந்திருக்கிறேன், பிரபு." மடியிலிருந்து கொப்பளித்த காசு ஒன்றை எடுத்தான். "இந்தத் தலைதான் வெள்ளியாக மின்ன ஆசைப்பட்டது. ஆசையால் முலாம் வந்தது, முலாமால் கொப்புளம் வந்தது. ஆகவே குற்றம் இந்தத் தலையுடையது. தங்கள் சத்தியப்படி உருட்டுகிறேன்."

காசை விளிம்பில் நிறுத்தி விரலால் தட்டிவிட்டான். அது கலகலவென்று உருண்டுபோய், அருளாளர் காலில் முட்டி, சுற்றிச் சுற்றி விழுந்தது.

ராஜா குனிந்து பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உருண்டது! என் தலையே உருண்டது! சத்தியமும் நிறைவேறியது!" அவர் சிரித்ததும் சபையும் சிரித்தது. இருவரையும் அவிழ்த்துவிட்டார்கள். "அம்பலவாணா, என்ன பரிசு வேண்டும், கேள்!"

"பிரபு, இன்னும் கொஞ்சம் வெள்ளி..." என்று அவன் தொடங்கினான்.

"வெள்ளியா? அற்ப ஆசை! அதைவிடப் பெரியதே தருகிறேன். புதுக்காசில் ஒரு பக்கம் என் தலை, மறு பக்கம் உன் தலை! திருவிழாவுக்குள் அடித்துவிடட்டும். இந்த முறை பாதிப் பாளம் போதும், பழகிய கை அல்லவா!"

"உத்தரவு, பிரபு" என்று அருளாளர் பல்லெல்லாம் தெரியக் கும்பிட்டார். "அதிலும் பிழை வந்தால்?"

"வந்தால், உருள்வது காசாக இருக்காது" என்று சொல்லிவிட்டு ராஜா மறுபடியும் சிரித்தார். சபையும் சிரித்தது.

கூட்டம் கலைந்த பிறகு இருளாயி அம்பலவாணனிடம் வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் அவன் முகத்தை இப்படியும் அப்படியும் சாய்ந்து நெடுநேரம் பார்த்தாள்.

"உங்களுக்கு எடுப்பான மூக்கு சாமி" என்றாள். "முலாம் அங்கேதான் முதல்ல உரியும்."