மணியில் வைத்த பஞ்சு

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிந்து வைக்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது, பாளையங்கோட்டையில். கணினிக்கெல்லாம் பொறுப்பு செண்பகவல்லி மேடம். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் ஞானதிரவியம் சார். ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். மேடம் அங்கே படித்த பிள்ளை.

இவர் மேடம் என்பார், அவர் சார் என்பார். யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். நாங்களும் சொல்வதில்லை.

ஒருநாள் காலை சார் பையும் கையுமாக மேடம் முன்னால் வந்து நின்றார்.

"நான் நின்னுக்கிடுதேன் மேடம். இது எனக்கு ஒத்து வராது."

"என்ன ஆச்சு சார்?"

"டெய்சி டீச்சர் வாசிச்ச சரித்திரப் புத்தகத்தை முழுசா அழிச்சிட்டேன்."

எங்களுக்கு வாசித்துக் கொடுக்கிற அந்த டீச்சர் பெயரில் இரண்டு ஃபோல்டர். ஒன்று புத்தகம் இருக்கிற 'டெய்சி', இன்னொன்று குரலைச் சோதிக்கப் பதிந்த 'டெய்சி ட்ரையல்'. அழிக்க வேண்டியது ட்ரையலை.

கருப்புத் திரையில் கட்டளை அடிக்கிறவர்கள் பெயரை முழுதாக அடிப்பதில்லை. முதல் சில எழுத்தைப் போட்டு டேப் விசையைத் தட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பிவிடும். இரண்டு பெயர் ஒரே மாதிரி தொடங்கினால், ஒத்துப்போகிற இடத்தோடு நின்று 'டிங்' என்று மணியடிக்கும். அன்றைக்கு 'டெய்சி'யோடு நின்றது. மணி அடிக்கவில்லை. பெயர் முடிந்தது என்று நினைத்து சார் என்டரைத் தட்டிவிட்டார்.

மேடம் சாருடைய கணினியில் உட்கார்ந்தார். முந்தின நாள் பிரதியிலிருந்து புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு, விசைகள் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கிற ஃபைலைத் திறந்தார். மணி வேண்டாம் என்று அதில் ஒரு வரி இருந்தது.

"இதை யார் சார் போட்டது?"

"நான்தான்."

"ஏன்?"

"அந்தச் சத்தம் கேட்டா இன்ஸ்டிடியூட்டே வந்து முன்னால நிக்கு. சாயங்காலம் அத்தனை மிஷினும் ஓடும்லா, மணி மாத்தி மணி கேட்டுக்கிட்டே இருக்கும். இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிச் சாவியைக் குடுத்த பொறவு எனக்கு அது கேக்கவே கூடாது மேடம். தாங்கல."

மேடம் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"சன்னலோர மிஷின் ஞாபகம் இருக்கா சார்?"

"ஸ்பேஸ் பார் இறுக்கமா இருக்குமே."

"அதுலதான் நான் அடிப்பேன். வரி முடியப் போகுதுன்னு மணி அடிச்சா, என்னைத் திட்டுத மாதிரியே இருக்கும். உங்களுக்குத் தெரியாம மணிக்குள்ள பஞ்சு வச்சிட்டேன். வரிக்கடைசியில எழுத்து மேல எழுத்தா ஏறி, தாளே பாழாப் போச்சு. நானும் நின்னுக்கிடுதேன்னு பையைத் தூக்கிட்டுத்தான் உங்க முன்னால வந்தேன்."

"அழுதுக்கிட்டு நின்ன," என்றார் சார். மேடம் என்பது அவருக்கு மறந்து போயிருந்தது. "அப்ப நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. என்னையே பஞ்சை எடுக்க வச்சீங்க."

மேடம் எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தார்.

சார் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். மணி வேண்டாம் என்ற அந்த வரியை அழித்தார். புதிதாக ஒரு திரையைத் திறந்து, கட்டளையோடு டீச்சர் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போட்டு டேப் விசையைத் தட்டினார்.

டிங்.

எங்கள் எல்லாருக்கும் கேட்டது. சாருடைய கை விசைகளை விட்டு எழும்பி அப்படியே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையில் 'டெய்சி'யோடு நின்ற பெயரை வாசித்துப் பார்த்தார்.

"பஞ்சை எடுத்த பொறவு நான் என்ன செஞ்சேன் மேடம்?"

"புதுத் தாள் மாட்டிக் குடுத்தீங்க. அடிங்க சார்."