ஏழாவது அடுக்கு

"கட் ஆகாத பி.எம்.எஸ். எது டீச்சர்?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அருணகிரி கேட்டுவிட்டார். கையில் கட்டைப்பை. அதற்குள் தன் சைக்கிள் மோட்டாருக்கென்று அவரே வீட்டில் கட்டிய பேட்டரி.

ஜெசிந்தா அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். தென்காசியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் பேட்டரி கட்டச் சொல்லிக்கொடுப்பாள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அருணகிரி அங்கேதான் கற்றார். பாடம் எப்போதோ முடிந்துவிட்டது. மனுஷன் சனிக்கிழமை வருவதை மட்டும் விடவில்லை.

இன்றோ வியாழன்.

"எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. ஐந்தருவி ஏத்தத்துல பாதியில நின்னுருது. சார்ஜ் இருக்கு. மோட்டார் நல்லாருக்கு. இந்த போர்டுதான் கரண்ட நிறுத்துது. இருபது ஆம்பியருக்கு பதிலா நாப்பது வாங்கவா?"

பி.எம்.எஸ். என்பது அந்தச் சின்ன போர்டுதான். பேட்டரிக்குக் காவல்.

ஜெசிந்தா பையைத் திறந்தாள். போர்டு இருந்தது. ஆனால் மோட்டார் ஒயரும் சார்ஜர் ஒயரும் அதைத் தொடவே இல்லை. நேராகப் பேட்டரியில் பற்றவைத்திருந்தார்.

"காவக்காரன வெளிய நிறுத்திட்டீங்களே!"

"ஏத்தத்துல நிக்கக் கூடாதுன்னுதான் மாத்துனேன். நீங்க வேற போர்டு சொல்ற வரைக்கும்தான்."

"சார்ஜ் எங்க போடுறீங்க?"

"கட்டில் பக்கத்துல."

"தீப்பிடிச்சா?"

"பிடிச்சா பிடிக்குது. அங்க வேற யாரு இருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மீட்டரை எடுத்துப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தாள்.

"நாப்பத்தொம்பது புள்ளி ஒம்பது."

"பாத்தீங்களா! நல்லாத்தான இருக்கு!"

ஜெசிந்தா போர்டுக்கு வரும் மெல்லிய ஒயர்களைப் பிரித்தாள். பேட்டரியில் பதின்மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஒரு ஒயர். ஒவ்வொன்றாக மீட்டரை வைத்துக்கொண்டு வந்தாள். மூன்று புள்ளி ஒன்பது. மூன்று புள்ளி ஒன்பது. ஆறு அடுக்கும் அதே கணக்கு.

ஏழாவதில் மூன்று புள்ளி ஒன்று.

"ஏத்தத்துல இவன்தான் முடியாம உக்காந்துருறான்."

"ஒருத்தனுக்காக போர்டு மொத்த வண்டியையும் நிறுத்துமா?"

"அதுக்குத்தான அத வாங்குறோம். உங்க மோட்டாருக்கு இருபதே போதும். நாப்பது வாங்குனாலும் இவன் தேறமாட்டான்."

அருணகிரிக்கு முகம் சுண்டிவிட்டது.

"மூணு மாசமா ஓட்டுறேன். தெரியவே இல்லையே டீச்சர்."

"மொத்தமா கேட்டா தெரியாது அண்ணாச்சி."

அவள் மீட்டரை அணைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"டீ."

"நேத்து ராத்திரி?"

"பசிக்கல."

"தூக்கம்?"

"வரும். விடியக்காலம் வரும்."

"கடைசியா யார்கூட பேசுனீங்க?"

வாயைத் திறந்தார். முப்பது வருஷம் கூட்ட நெரிசலுக்குள் நின்று டிக்கெட் கிழித்தவர். விரலை மடக்கி மடக்கி யோசித்தார். பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது.

"போன சனிக்கிழமை," என்றார். "உங்ககிட்டதான்."

ஜெசிந்தா எழுந்து, நேராகப் பற்றவைத்த ஒயர்களை வெட்டினாள். பேட்டரியைத் தூக்கி, தீப்பிடித்தாலும் பரவாதபடி மணல் பெட்டிக்குள் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும். நீங்க நாளைக்கு வாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கே ரெடியாயிருமா டீச்சர்?"

"ஆகாது," என்றாள். "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க."