மடை திறந்த மாலை

“தாயே, நாளைக்கு அரசனைக் குத்தப் போகிறேன். அது பாவமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

கேட்டவன் கடம்பன், தாடி நரைத்த உழவன். எயினி அவனுக்கு மகளாக இருக்கலாம், அவ்வளவு சின்னவள். ஆனாலும் நடுகல்லுக்குப் பூசை செய்கிறவள் என்பதால் ஊரே அவளைத் தாயே என்றுதான் கூப்பிடும்.

ஊருக்காக உயிர்விட்டவர்களுக்கு நட்ட கற்கள் அவளைச் சுற்றி நின்றன. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு கல்லாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அரசன் உன்னை என்ன செய்தான்?”

“ஏரி மடையை அடைத்தான். பயிரெல்லாம் கருகிவிட்டது. தட்டிக் கேட்ட என் தம்பியைக் கழுவில் ஏற்றினான்.”

தம்பி என்றால் கடம்பனுக்கு உயிர். அதில் பொய்யில்லை.

“மடை திறந்தால்?”

“கத்தியைக் கிணற்றில் போட்டுவிட்டு ஏர் பூட்டப் போய்விடுவேன். எனக்கென்ன, கொலை செய்ய ஆசையா?”

எயினி கடைசிக் கல்லுக்கு நகர்ந்தாள்.

அது புதுக் கல். அதில் செதுக்கியிருந்தவன் கத்தியோடு நின்றான். இடப்புருவத்தில் ஒரு வெட்டு.

கடம்பன் தன் புருவத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தான். அதே இடம். முதுகு சில்லிட்டது. கூடவே, வெளியே சொன்னால் வெட்கம், உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது.

“இது நான்தானே?”

“கத்தியோடு வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்.”

அவன் மறுபடி பார்த்தான். கல்லில் இருந்தவனும் அவனையே பார்த்தான்.

“உனக்குச் சேதி தெரியாதா?” என்றாள் எயினி. “அரசன் மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டான். காய்ச்சல். மகன் முதல் வேலையாக மடையைத் திறக்கச் சொல்லிவிட்டான். கேள்.”

கேட்டான். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் வந்தது. ஊர்ப் பக்கம் பெண்கள் குலவையிட்டார்கள்.

கடம்பன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. சாவு வீட்டில் உட்காருவதுபோல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வாய்க்கால் வழிந்து தண்ணீர் வந்து அவன் காலை நனைத்தது.

“அதோ கிணறு” என்றாள் எயினி.

எழுந்து போனான். கிணற்றை எட்டிப் பார்த்தான். வெகுநேரம் நின்றான். பிறகு திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தான். கத்தி இடுப்பிலேயே இருந்தது.

“தாயே, மகனுக்கு என்றைக்குப் பட்டம் கட்டுகிறார்கள்?”