கங்காணியின் கொள்ளுப்பேரன்

கதையின் முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். ஆகவே யார், யாரிடம், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

பினாங்கில் சௌந்தரி என்ற நாட்டிய ஆசிரியை, சஞ்சிக்கூலிகளின் வாழ்க்கையைப் பரதநாட்டிய நாடகமாக அமைத்தார். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறி, கரும்புத் தோட்டங்களில் வந்து இறங்கியவர்களின் கதை அது. நடுநாயகமான காட்சியைக் கொடுத்தவள் அவருடைய மாணவி தவமலர். அவளுடைய கொள்ளுப்பாட்டி பாவாயிக்கு உண்மையில் நடந்த சம்பவம் அது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, பாவாயி அனுமதி கேட்காமல் கரும்புக் காட்டிலிருந்து கூலிகள் குடியிருந்த லயத்துக்கு ஓடிவிட்டாள். துரை தண்டனை சொன்னான். லயத்துச் சனங்களையெல்லாம் கூட்டி நிற்கவைத்து, கூலிகளை மேற்பார்க்கும் கங்காணி அவளைப் பிரம்பால் அடித்தான். குழந்தை பிழைக்கவில்லை.

பாவாயியாகத் தவமலரே ஆடினாள். கங்காணியாக ஆடியவன் சக மாணவன் குணாளன். அந்தக் கங்காணியின் பெயர் யாருக்கும் தெரியாது. தவமலரின் வீட்டில் அவனை "அந்தப் பாவி" என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள்.

ஒரு நாள் குணாளன் வீட்டுக் கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தான். அவனை வளர்த்த பாக்கியவதி அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். பிரம்பை ஓங்கியபடி அவன், "பாவாயி!" என்று அதட்டினான். அத்தையின் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தப் பேரு எங்கேருந்துடா கிடைச்சுது?"

அவன் கதையைச் சொன்னான். அத்தை எழுந்து வாசற்கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்:

"அடிச்சது எங்க தாத்தாதான்டா. மருதப்பன் கங்காணி. சாகக் கிடந்தப்ப 'பாவாயிகிட்ட ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடுங்க'ன்னு கத்திக்கிட்டே கிடந்தாரு. சின்னப் பிள்ளையா நானே பக்கத்துல இருந்து பார்த்தேன்."

தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கட்டியவர் என்றுதான் மருதப்பனை ஊர் அறிந்திருந்தது. கங்காணியார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில் குணாளனுக்கே பெருமை உண்டு. அத்தை அவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான் இருக்கிற வரைக்கும் இது வெளிய வரக்கூடாது. சத்தியம் பண்ணு."

அவன் சத்தியம் செய்தான்.

ஆனால் நாடகத்தின் கடைசியில் ஒவ்வொரு கலைஞரும் முன்னால் வந்து, கப்பலில் வந்த தன் முன்னோரின் பெயரைச் சொல்லி வணங்க வேண்டும். மனம் தாங்காமல் குணாளன் ஆசிரியையிடம் மட்டும் உண்மையைச் சொன்னான்.

சௌந்தரி சொன்னார்: "உங்க அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லிடு. தவமலர்கிட்ட மூச்சு விடாதே. அவளுக்குத் தெரிஞ்சா அந்தக் காட்சி ஆடவே மாட்டா."

அதன் பிறகு ஒத்திகையில் அவன் பிரம்பு தயங்கியது. தவமலர் அதைக் கவனித்துவிட்டாள். எல்லோரும் தேநீர் குடிக்கப் போயிருந்த வேளையில் அருகில் வந்து கேட்டாள்:

"என்னண்ணே, இப்பல்லாம் என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்கிறீங்க? என்மேல ஏதும் கோபமா?"

"தோள்பட்டை வலி, அதான்," என்றான் குணாளன்.

அவள் அதை நம்பி, அடுத்த நாள் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிறு பிற்பகலில் நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. பாவாயி குழந்தையை மடியில் கிடத்திப் பார்க்கும் அபிநயத்தில் பலர் அழுதார்கள். கடைசியில் கலைஞர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். தவமலர் பாவாயியின் பெயரைச் சொல்லி வணங்கினாள். அடுத்தது குணாளன். மூன்றாவது வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தார்.

"நான் மருதப்பன் கங்காணியின் கொள்ளுப்பேரன்," என்றான். "பாவாயியை அடித்தவர் அவர்தான்."

அத்தை முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போனார். குணாளன் தவமலரின் காலில் விழுந்தான். பிறகு எங்கோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பாவாயியின் பெயரைச் சொன்னபோதுகூட அவ்வளவு கைதட்டல் இல்லை.

தவமலர் தன் பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சலங்கை ஒலிக்க மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

"பாவம் அந்தப் பையன். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு கல்நெஞ்சா?" என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். குடும்ப மானத்துக்காக மறைக்கச் சொன்ன அத்தை, நாடகத்துக்காக மறைக்கச் சொன்ன ஆசிரியை, சத்தியத்தை மீறி உண்மையைச் சொன்ன குணாளன், காலில் விழுந்தவனை விட்டு விலகிப்போன தவமலர். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: தவமலர் செய்ததே சரி. பாவாயிக்கு நேர்ந்ததை மறைத்துவைக்க அத்தைக்கும் உரிமை இல்லை, ஆசிரியைக்கும் இல்லை. அதனால் சத்தியத்தை மீறியது குணாளனின் குற்றமாகாது. ஆனால் அந்த உண்மையை முதலில் கேட்க வேண்டியவள் தவமலர். தனியாக வந்து அவளே கேட்டபோது பொய் சொல்லிவிட்டு, மறுக்க வழியில்லாத இடத்தில், ஊரே பார்த்திருக்க மன்னிப்புக் கேட்டான். மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். "எங்க பாட்டியையும் சனங்களைக் கூட்டி நிக்கவச்சுத்தான்ணே அடிச்சாங்க," என்றாள் அவள். "நேத்து நீங்களும் என்னை அப்படித்தான் நிக்கவச்சீங்க." அதுவரை கொள்ளுத்தாத்தாவை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு, தன்னை நினைத்து உடம்பு கூசியது. உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. தலை குனிந்தபடியே திரும்பி நடந்தான்.