குடிக்காமல் திரும்பிய கல்கௌதாரி

முன்னொரு காலத்தில், மழை என்ற சொல்லே கிழடு தட்டிப்போயிருந்த நாளில், கலஹாரிப் பாலைவனத்தில் ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சியிருந்தது. அதை வளைத்துப் போட்டிருந்தது மந்திரம் கற்ற ஒரு மொட்டைத்தலை நாரை. அது போட்ட சட்டம்: "குடிக்கலாம், கொண்டுபோகக் கூடாது."

எசமான் சட்டம் போட்டால் காரணம் இருக்கும். அந்த நீரைக் குடித்தவர்கள் தம்மவரை மறந்துபோவார்கள். ஒரு சொட்டு வெளியே போய், காத்திருக்கும் வாயை நனைத்தால் மாயம் உடையும்.

கல்கௌதாரிப் பறவை தெபோவுக்கு இதெல்லாம் தெரியாது. குடிக்கப் போன மனைவி நலேதி திரும்பவில்லை. பொட்டலில் ஒற்றைக் குஞ்சு வாய் பிளந்து கிடந்தது. அவளைத் தேடிப் பறந்தான், பறந்தான், கீழே எலும்புகள்தான் துணை.

குட்டையோரம் யானை நின்றது. "யானையக்கா, உன் கன்று வழியில விழுந்து கிடக்கு!"

"எந்தக் கன்று?"

வரிக்குதிரையிடம் போனான். "உன் குட்டி தேடுதே!"

"எந்தக் குட்டி?"

மூன்றாவதாக நலேதி. "நம்ம குஞ்சு..."

"யாருய்யா நீ? தண்ணியைக் குடி, கவலை போயிடும்."

தெபோவுக்குப் புரிந்துவிட்டது. தாகத்தில் தொண்டை எரிந்தது. அலகை இறுக மூடிக்கொண்டு நீரில் இறங்கி, வயிற்று இறகுகளை நனைய நனைய ஊறவிட்டான். கல்கௌதாரி அப்பன்களின் பரம்பரை வழக்கம் அது. அந்த இறகு பஞ்சுபோல் நீரைப் பிடித்துக்கொள்ளும்.

"நில்!" என்றது நாரை. "அலகைத் திற!" வறண்டிருந்தது. "காலைத் தூக்கு!" வெறுங்கால். "என்னடா பண்ணினே?"

"குளிச்சேன் சாமி. வெக்கை தாங்கல."

"குடிக்கிற இடத்துல குளிக்கிறான் பாரு, மடையன்!"

நாரை சிரித்தது. யானை சிரித்தது. நலேதியும் சிரித்தாள். வழி நெடுக அந்தச் சிரிப்பு அவன் கூடவே வந்தது.

குஞ்சு இறகைச் சப்பியது. முதல் சொட்டு உள்ளே இறங்கியதும் மாயம் உடைந்தது. யானை பிளிறிக்கொண்டு கன்றைத் தேடி ஓடியது. மேகங்களும் அந்தக் குட்டையில் குடித்துத்தான் பெய்ய மறந்திருந்தன. நினைவு வந்து கறுத்துக் கொட்டின. கன்று எழுந்து நின்றது. நாரை கத்தியது, கேட்க ஆளில்லை.

"நான் பிளிறினேன், மழை வந்தது" என்றது யானை. எல்லாரும் ஆமாம் போட்டார்கள். தெபோ வாதாடப் போகவில்லை.

நலேதி நனைந்து வந்து இறங்கினாள்.

"நானுமா சிரிச்சேன்?"

"சிரிச்சே."

அவள் குஞ்சின் மேல் சிறகை விரித்தாள். கொஞ்சம் நீட்டி அவனையும் மூடினாள். அப்போதுதான் தெபோ தலையை வெளியே நீட்டி ஒரு வாய் மழை குடித்தான். குடித்தும் அவன் ஒன்றையும் மறக்கவில்லை.