ஆற்றைத் தாண்டாத செய்தி

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. ஆகவே நடுவில் கண்ணயர்ந்துவிடாதீர்கள். அயர்ந்தாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், கதை நடந்த காலையே அரைத்தூக்கத்தில் இருந்தது போலத்தான் இருந்தது.

பொருநை ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மாசியில், ஒரே பாட்டன் வழிவந்த பங்காளிகள் அங்கே கூடுவார்கள். எல்லாரும் வட்டமாக நின்று ஒரே மஞ்சள் நூலைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் வம்சாவளியை வாசிப்பார். தன் பெயர் வந்ததும் அவரவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். வர முடியாதவருக்கு வீட்டார் பதில் சொல்லலாம். கடைசிப் பெயரும் ஆனதும் நூலின் இரு முனையையும் சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். அதோடு குலம் இன்னொரு பன்னிரண்டு ஆண்டுக்கு ஒன்றாயிற்று.

ஒரு கட்டுப்பாடு உண்டு. பங்காளி ஒருவர் இறந்தது யாருக்குத் தெரிகிறதோ, தெரிந்த நொடியிலேயே அவருக்குத் தீட்டு. தீட்டுள்ள கை நூலைத் தொடக்கூடாது. தெரியாதவருக்குத் தீட்டில்லை. முடிச்சு விழுமுன் செய்தி திட்டில் பரவிவிட்டால், நூலைக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

இந்த முறை கூட்டத்தைக் கூட்டியவர் ஆவுடையப்பர். பஞ்சத்தில் சிதறிய கிளைகளைத் தேடி நாற்பது ஆண்டு காலே தேய நடந்த மனிதர். சென்ற முறை வந்தது அறுபது பேர், இந்த முறை முந்நூறு. நாள் நெருங்கியபோது அவரே படுத்த படுக்கையானார். நூலின் தலைமுனையைப் பிடிக்க மகன் பேச்சிமுத்து கிளம்பினான். மருமகள் கோமதி அவருக்குத் துணையாக வீட்டில் இருந்தாள்.

"அப்பாவுக்கு ஏதாச்சும்னா வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்" என்றான் பேச்சிமுத்து. "படித்துறையில வந்து நில்லு. எனக்குப் புரியும்."

"நிக்கேன்" என்றாள் கோமதி.

அவன் போன சற்று நேரத்தில் கிழவர் அவள் கையைப் பற்றினார். "முடிச்சு விழுத வரைக்கும் என் சேதி ஆத்தைத் தாண்டக் கூடாது, தாயி."

இதற்கும் அவள் சரி என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வாள்?

"எத்தனை பேரு வந்திருக்காக?"

"முந்நூறு, மாமா."

"முந்நூறு" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல்லோடு மூச்சு நின்றது.

தெருவே திட்டுக்குப் போயிருந்தது. கோமதிக்கு அழுகை பொங்கியது. அழுதால் சத்தம் தண்ணீர் மேல் போய்விடும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பெற்ற தகப்பனைவிட ஒரு படி மேலாக அவளை வைத்திருந்தவர். போனால் மாமாவுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு, போகாவிட்டால் புருஷனுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. கடைசியில் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, வீட்டுக்கு எதிரே இருந்த படித்துறையில் இறங்கி நின்றாள்.

ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்தது. திட்டில் நின்ற யாருக்கும் கால் இருப்பதாகவே தெரியவில்லை. முந்நூறு பேரும் பனியில் மிதந்தார்கள், அவர்கள் நடுவே மஞ்சள் நூல் மட்டும் வெயில் பட்டு மின்னியது. கூட்டியவர் வீட்டுப் பெயர் கடைசியில்தான் வரும். அவள் வந்து நின்றபோது இரண்டே பெயர்கள் மீதம் இருந்தன.

"ஆவுடையப்பன்!"

"இருக்காக!" என்று பேச்சிமுத்துவின் குரல் பெருமையாகத் தண்ணீரைத் தாண்டி வந்தது.

கோமதி கை அசைக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. சும்மா நின்றாள். அவன் தற்செயலாகத் திரும்பினான், பார்த்தான். அவன் தோள் இரண்டும் இறங்கியது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

பக்கத்தில் நூலின் மறுமுனையைப் பிடித்து நின்றவர் பிச்சாண்டி, போன மாதம்தான் கண்டுபிடித்த கிளை. பேச்சிமுத்து என்ன சொன்னான் என்பதைப் பின்னால் அவர்தான் கோமதிக்குச் சொன்னார்: "அண்ணாச்சி, இந்த முனையையும் நீங்களே பிடிங்க. தண்ணி குடிச்சிட்டு வாரேன்." நூலை விட்டு, முழங்கால் ஆழத்தில் இறங்கி, சொன்னபடியே ஒரு கை அள்ளிக் குடித்தான். அங்கேயே நின்றான். திட்டுக்கும் திரும்பவில்லை, கரைக்கும் வரவில்லை.

"பேச்சிமுத்து!"

கோமதி படித்துறைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கேன்" என்றான், தண்ணீரில் நின்றபடி.

பிச்சாண்டி முடிச்சைப் போட்டார். குலவை எழுந்தது. அதன் பிறகே பேச்சிமுத்து கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தலைமேல் கூப்பினான். குலவை அப்படியே அறுந்தது. ஆக்கிய சோறு ஆக்கியபடி கிடக்க, முந்நூறு பேரும் பனிக்குள் இறங்கிக் கரையை நோக்கி வந்தார்கள். செய்தி ஆற்றைத் தாண்டவில்லை, சனம் தாண்டிவிட்டது.

இப்போது சொல்லுங்கள். தன் சாவை மறைக்கச் சொன்ன ஆவுடையப்பர், இரண்டு வாக்குக் கொடுத்துக் கரையில் வந்து நின்ற கோமதி, நூலை விட்டு ஆற்றில் இறங்கிய பேச்சிமுத்து: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பேச்சிமுத்து. கிழவரின் ஆசை பெரியதுதான், ஆனால் அதன் பாரத்தை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றினார். கோமதி வாயைத் திறக்காமலே அதைக் கணவன் தலைக்கு மாற்றினாள். பேச்சிமுத்து அதை யார் மேலும் இறக்கவில்லை. தெரிந்த நொடியில் கையை எடுத்தான், அதன் பிறகு சொன்ன சொல் எதுவும் பொய்யாகாமல் பார்த்துக்கொண்டான், இழந்தது நூலில் தன் இடத்தை மட்டும். இந்த விடையைக் கோமதியிடமே ஒருமுறை சொன்னார்கள். "இருக்கட்டும்" என்றாளாம். "வாக்கைக் காப்பாத்தவா போனேன்? மாமாவுக்காக ஒத்தையில அழ முடியல. அதான் போயி நின்னேன்."